மாணவருக்கென்று ஒரு நாற்காலி

உலகத்தில் பள்ளிக்கூடம் என்ற ஒன்று தோன்றிய நாள் முதலாக, மாணவரைத் தன் நெஞ்சின் நட்டநடுவில் உட்காரவைத்த பள்ளி எங்கள் வால்நட் ஃபோர்க் நடுநிலைப் பள்ளி ஒன்றுதான். இதை நான் சொல்லவில்லை. வாசலில் மாட்டியிருக்கும் பலகை சொல்கிறது. பலகையின் வாசகத்தை எழுதியவன் நான்தான் என்பது வேறு விஷயம். உண்மையை யாராவது ஒருவர் எழுதித்தானே ஆகவேண்டும்?

என் பெயர் வெண்டல் கிரௌஸ். துணைத் தலைமையாசிரியர். அத்தோடு 'மாணவர் மையக் குழு'வின் தலைவர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பனி கொட்டாத ஊர் கிடையாது. எங்கள் ஊரில் கூடுதலாகக் குழுக்களும் கொட்டும்.

இந்த மகிமை ஒரே நாளில் வந்துவிடவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு காலத்தில் நாங்களும் மற்றப் பள்ளிகளைப் போலத்தான் இருந்தோம். கூட்டம் போட்டால் ஆசிரியர்கள் கார் நிறுத்தும் இடம், காப்பி மெஷின், வாசல் பனியை யார் வாருவது, இவற்றைத் தவிர வேறு பேச்சு இருக்காது. பெற்றோரும் வந்து உட்காரும் ஒரு கூட்டத்தில், பின்வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்தார்.

"ரெண்டு மணி நேரமா உக்காந்து கேக்குறேன். பிள்ளைங்கன்னு ஒரு வார்த்தை யார் வாயிலேருந்தாவது வந்துச்சா? அந்தக் காப்பி மெஷின் மேல இருக்குற அக்கறையில பாதியாவது எங்க பிள்ளைங்க மேல இருக்கக் கூடாதா?"

அன்றைக்குக் காப்பிகூடத் தொண்டையில் இறங்கவில்லை.

எங்கள் தலைமையாசிரியை டார்லீன் ஹாக்ஸ்டட் இதைச் சும்மா விடுகிறவர் இல்லை. இதற்கு விடை காணாமல் ஓய்வதில்லை என்று சொல்லிவிட்டு, பிப்ரவரி மாதக் குளிரில், ஃபுளோரிடாவில் நடந்த கல்வி மாநாட்டுக்கு விமானம் ஏறினார். நாங்கள் இங்கே முட்டளவு பனியில் விடையைத் தேடிக்கொண்டிருந்தோம். அது அங்கே கடற்கரையோரம் இருந்திருக்கிறது. நன்றாக வெயில் பட்டுச் சிவந்த முகத்தோடு திரும்பி வந்தார்.

"காலியா ஒரு நாற்காலி," என்றார்.

"எங்க?" என்றேன்.

"ஒவ்வொரு கூட்டத்துலயும். அதுல யாரும் உக்காரக் கூடாது. அது மாணவரோட இடம். என்ன முடிவு எடுத்தாலும், முதல்ல அந்த நாற்காலியப் பாத்து, 'இது உனக்கு நல்லதா?'ன்னு கேக்கணும்."

"அது என்ன சொல்லும்?"

"வெண்டல், நாற்காலி பேசாதுங்க. அதுதானே அதுல விசேஷம்!"

இந்தத் தத்துவத்தைக் கண்டுபிடித்த டாக்டர் பிரைஸ் லானிங் என்ற ஆலோசகரையே நேரில் வரவழைத்தோம். கழுத்துவரை மூடிய கறுப்பு ஸ்வெட்டர், மெல்லிய குரல். மாணவருக்கு எதற்குக் குறை வைப்பது என்று, கூட்ட அறையில் இருந்ததிலேயே நல்ல மெத்தை நாற்காலியை நாங்கள் ஒதுக்கி வைத்திருந்தோம். அவர் அதைச் சுற்றி வந்தார். தொட்டுப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல மாணவர் இல்லையே," என்றார் துக்கத்தோடு.

அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்த பன்னிரண்டாம் அறைக்கு ஓடிப்போய், பிள்ளைகள் உட்காரும் நீலநிறப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்தேன். டாக்டர் லானிங் குனிந்து அதன் அடிப்பக்கத்தைத் தடவினார். அங்கே காய்ந்துபோன பபிள்கம் ஒன்று ஒட்டியிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இருக்காரு. இதுல இருக்காரு."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த அறையில் பபிள்கம் மென்றதற்காக நான் தண்டித்த அத்தனை முகங்களும் ஒரு கணம் கண் முன்னால் வந்து போயின. நாற்காலியின் முதுகில் பள்ளியின் பச்சை மஞ்சள் மஃப்ளர் ஒன்றைப் போர்த்தி, மேசையின் தலைமாட்டில் வைத்தோம். சிலர் கைதட்டினார்கள்.

அன்றிலிருந்து எங்கள் நிர்வாகம் அடைந்த வேகத்தைச் சொல்லி மாளாது. முன்பெல்லாம் ஒரு முடிவு எடுப்பதற்குள் அடிதடி நடக்காத குறைதான். இப்போது அப்படியில்லை. ஆசிரியர்களின் கார்களை விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் நிறுத்தலாமா என்று நாற்காலியைப் பார்த்துப் பயபக்தியோடு கேட்டோம். அது ஒன்றும் சொல்லவில்லை. 'மாணவர் ஆட்சேபிக்கவில்லை' என்று குறிப்பில் ஏறியது. பிள்ளைகளின் சாப்பாட்டு நேரத்தைக் கொஞ்சம் கத்தரித்து, அந்த நேரத்தில் 'மாணவர் நலன் பற்றிய ஆசிரியர் கலந்துரையாடல்' வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டோம். மாணவர் ஆட்சேபிக்கவில்லை. புதுக் காப்பி மெஷின் விஷயத்திலும் அவர் அதே பெருந்தன்மையைக் காட்டினார்.

பன்னிரண்டாம் அறையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் கஸ் தீலன் எனக்குப் பழைய சிநேகிதன். இடுப்பு வலிக்காரன். வாயில் மட்டும் எந்த வலியும் கிடையாது.

"யோவ் வெண்டல்," என்றான் ஒருநாள். "என் வகுப்புல உக்காந்திருக்கிறதுங்க எல்லாம் எதுக்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுதுங்க. இந்த நாற்காலி மட்டும் எப்படிய்யா இவ்வளவு தங்கமான பிள்ளையா இருக்கு?"

பொறாமை. வேறென்ன!

மாணவர் இவ்வளவு ஒத்துழைப்புத் தரும்போது அவரை ஒரே ஒரு கூட்டத்தோடு நிறுத்திக்கொள்வது அநியாயம் இல்லையா? உணவுக் குழு வந்தது. பேருந்துக் குழு வந்தது. கழிப்பறை அனுமதிச் சீட்டுக் குழு வந்தது. குழுக்கள் பெருகிவிட்டனவே என்று கவலைப்படுவதற்கு ஒரு குழு வந்தது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மாணவர் நாற்காலி, ஒரு மஃப்ளர். ஒரே நாற்காலியை எல்லாக் குழுவும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டால் என்ன என்று ஒரு புது ஆசிரியை கேட்டுவிட்டார். டார்லீன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். பேருந்துக் குழுவின் மாணவரும் உணவுக் குழுவின் மாணவரும் எப்படி ஒருவராக முடியும்? தனிமையில் சிந்திக்கும்போது துணைக்கு இருக்கட்டும் என்று என் அறைக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

எல்லா நாற்காலிகளும் பன்னிரண்டாம் அறையிலிருந்துதான் வந்தன. அதுதான் பக்கத்தில் இருந்தது. கூடத்துக்கு அந்தப் பக்கம் போக யாருக்கும் நேரம் இல்லை, கூட்டம் இருந்தது.

ஜனவரியில் ஓபல் டெம்ப்ஸ்கி வந்து சேர்ந்தாள். ஏழாம் வகுப்பு. ஒல்லியான பெண், வாரப்படாத செம்பட்டை முடி, அளவுக்குப் பெரிய பனிக்கால பூட்ஸ். அதுவரை டுலூத் நகரத்தில் அத்தை வீட்டில் வளர்ந்தவள். அவளுடைய அப்பாவுக்கு எங்கள் ஊர் மரஅறுவை ஆலையில் நிலையான வேலை கிடைத்ததும், முதல்முறையாக அப்பாவோடு இருக்க வந்திருந்தாள். பன்னிரண்டாம் அறையில் அவளுக்கு மேசை இருந்தது, புத்தகம் இருந்தது, பெயர் எழுதிய அட்டை இருந்தது. உட்காரத்தான் ஒன்றும் இல்லை.

கஸ் முதலில் தன்னுடைய உயரமான சுழல் நாற்காலியைக் கொடுத்துப் பார்த்தான். அதில் ஏறி உட்கார்ந்தவளை வகுப்பே 'மகாராணி' என்றது. அவளே இறங்கிவிட்டாள். பிறகு சாப்பாட்டுக் கூடத்திலிருந்து, பால் பாக்கெட்டுகள் வரும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார்கள். அதில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த அன்றே பின்வரிசையில் ஒருவன் மாடு மாதிரி "ம்மா..." என்று கத்தினான். அது போதும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்! அவள் கூடத்தில் நடந்தால் "ம்மா". பேருந்தில் ஏறினால் "ம்மா". விடை சொல்லக் கை தூக்கினால், எங்கிருந்தோ மெதுவாக "ம்மா". கொஞ்ச நாளில் அவள் கை தூக்குவதை விட்டுவிட்டாள்.

கஸ் என் அறைக்கு வந்தான்.

"ஒரு நாற்காலி குடுய்யா."

"இருக்கிற நாற்காலி எல்லாம் கூட்டத்துல இருக்கே, கஸ்."

"கூட்டத்துல சும்மாதானே இருக்கு?"

"சும்மா இல்லை. காலியா இருக்கு. ரெண்டுக்கும் வித்தியாசம் உண்டு. புதுசா வாங்கிடலாம். அதுக்கு முன்னாடி மாணவர்களோட இருக்கைத் தேவை என்னங்கிறத ஒரு குழு போட்டு..."

அவன் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. கதவைச் சாத்திய சத்தத்தில் என் சுவரிலிருந்த 'ஒவ்வொரு குழந்தையும் முக்கியம்' என்ற படம் கோணிக்கொண்டது. அதை நேராக்கிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

மறுநாள் ஓபலே வந்தாள். மாணவர் தாமாகவே முன்வந்து பேசுவதைப்போல் எனக்கு மகிழ்ச்சி தருவது வேறில்லை. "வாம்மா, உக்காரு," என்றேன், பழக்கதோஷத்தில். அவள் மஃப்ளர் போர்த்திய நாற்காலியை நோக்கிப் போனாள். நான் துள்ளி எழுந்தேன்.

"ஐயோ, அதுல இல்ல!"

"ஏன் சார், உடைஞ்சிருக்கா?"

"இல்லம்மா. அது மாணவரோட நாற்காலி."

"எந்த மாணவர் சார்?"

"எல்லா மாணவரும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நானும் மாணவிதானே சார்?"

"நீ ஒரு மாணவி," என்று பொறுமையாக விளக்கினேன். "இது மாணவர்."

அவள் நின்றுகொண்டாள். பூட்ஸிலிருந்து பனி உருகி என் தரைவிரிப்பில் சொட்டியது. எங்கோ பார்த்தபடி பேசினாள்.

"சார், எல்லாரும் மாடு மாதிரி கத்துறாங்க. எனக்கு அது பரவாயில்ல... பரவாயில்லன்னு சொல்ல முடியாது. ஆனா அப்பாகிட்ட சொன்னா, 'உனக்கு இங்க ஒத்துவரல, அத்தைகிட்டயே போயிரு'ன்னு அனுப்பிருவாரு. அவருக்கு நான் அழுதா தாங்காது. எனக்குப் போக வேணாம் சார். இப்பதான் வந்திருக்கேன். ஒரு நாற்காலி குடுத்தீங்கன்னா போதும்."

எனக்கு மனம் இளகியது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே இளகியது. அந்த உணர்ச்சி வேகத்தில் அவளுக்கு மனவுறுதியைப் பற்றி நீளமாக ஒரு உரை நிகழ்த்தினேன். புயலில் வளையும் மரத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டு, "அப்ப நான் வீட்டுலேருந்து ஏதாவது கொண்டு வரட்டுமா சார்?" என்றாள்.

"குழுவில வச்சுப் பாக்குறேன்," என்றேன்.

பிள்ளைகள் 'பாக்குறேன்' என்பதைச் 'சரி' என்று எடுத்துக்கொள்ளும் அளவுக்கு வெகுளிகள். அடுத்த திங்கட்கிழமை அவள் அப்பாவின் மீன்பிடி பக்கெட்டோடு வந்து நின்றாள். எங்கள் ஊரில் ஏரி உறைந்ததும் பனிக்கட்டியில் துளை போட்டு, மீன் பிடிக்கப் பக்கத்தில் போட்டு உட்காருவோமே, அந்த வெள்ளைப் பக்கெட். மூடியின் மேல் மெத்தை தைத்து, சுற்றிலும் மீன் ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தது.

அன்று பன்னிரண்டாம் அறையில் நடந்ததைக் கஸ் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். "ம்மா" என்று கத்த வாயெடுத்தவன் பாதியில் நிறுத்திவிட்டு, "ஏய், இது உங்கப்பாவோடதா?" என்றானாம்.

"ஆமா."

"எந்த ஏரியில போடுறாரு? என்ன மாட்டுச்சு?"

"போன வாரம் ஒரு 'வால்ஐ' மீன். இவ்ளோ பெருசு."

"போடி, அளந்து விடாத!"

"வேணும்னா வந்து பாரு, தலைய ஃப்ரீசர்ல வச்சிருக்கோம்."

அவ்வளவுதான். ஃப்ரீசரில் மீன் தலை வைத்திருக்கும் பெண்ணைப் பார்த்து யாராவது மாடு மாதிரி கத்துவார்களா? மதியத்துக்குள் பக்கெட்டில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வரிசையே நின்றதாம். சாப்பாட்டுக் கூடத்தில் அவளுக்கு இரண்டு பக்கமும் ஆள். அன்று வீட்டுப்பாட விடை சொல்ல அவள் கை தூக்கினாள். விடை தப்பு. யாரும் சிரிக்கவில்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கடமையைச் செய்தேன். வெளியிலிருந்து இருக்கைகள் கொண்டுவரக் கூடாது என்று மாணவர் பாதுகாப்புக்கு ஒரு விதி உண்டு. தூண்டில் சாமான் கூடாது என்று இன்னொரு விதி. மாணவரின் பாதுகாப்பில் சமரசம் செய்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே போய், அவளை எழுந்திருக்கச் சொல்லி, பக்கெட்டை இரண்டு கையாலும் மரியாதையாகத் தூக்கி வந்தேன்.

"சார், தூண்டில் எதுவும் உள்ள இல்ல, திறந்து காட்டுறேன் சார்," என்று கூடம்வரை பின்னாலேயே வந்தாள்.

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்மா," என்றேன்.

பக்கெட்டை என் அறையில் மாணவர் நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில் வைத்தேன். நாற்காலியின் மேல் பொருள்கள் வைப்பது அவமரியாதை. வைத்துவிட்டு நிமிர்வதற்குள் பன்னிரண்டாம் அறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. முதலில் ஒன்று. அப்புறம் நாலைந்து.

இதற்கிடையில் ஒரு நல்ல செய்தி. மாநிலத்திலேயே மாணவரை மையமாகக் கொண்ட பள்ளிக்கான விருதுக்கு எங்கள் பெயர் போயிருந்தது. நடுவர் வேறு யாருமில்லை, டாக்டர் லானிங்கேதான். அவர் பார்வையிட வரும் கூட்டத்தில் ஒரு மாணவரை நேரில் பேசவைத்தால் எடுப்பாக இருக்கும் என்று டார்லீனுக்குத் தோன்றியது. ஓபலைக் கூப்பிட்டோம். எங்களிடம் ஏதோ கேட்க விரும்பிய ஒரே பிள்ளை அவள்தான் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது.

மேசையைச் சுற்றி நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். தலைமாட்டில் மாணவர் நாற்காலி. அவள் அதன் பக்கத்தில் நின்றாள். கதவு திறந்திருந்ததால் குளிர் அடித்தது. யாரோ நாற்காலியின் மஃப்ளரைச் சரிசெய்தார்கள்.

"பேசும்மா," என்றார் டார்லீன். "இது உன்னோட இடம். மனசுல உள்ளத தைரியமா சொல்லு."

"எனக்கு ஒரு நாற்காலி வேணும்," என்றாள் ஓபல்.

எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். 'தனக்கென ஓர் இடத்துக்கான ஏக்கம்' என்று நான் எழுதினேன். அழகான வரி. பின்னால் அறிக்கையில் உதவியது.

டாக்டர் லானிங் முன்னால் சாய்ந்தார். "நாற்காலி... ம்ம். உனக்கு நாற்காலிங்கிறது எதைக் குறிக்குது?"

"உக்காரணும்," என்றாள் அவள்.

டாக்டர் லானிங் அதையும் எழுதிக்கொண்டார்.

"அடக் கொடுமையே!" என்று கஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "ஒரு மணி நேரமா அந்தப் பிள்ளை நிக்குது. பக்கத்துல நாற்காலி சும்மா கெடக்கு. விதிப்படியே கேக்குறேன். அந்தப் பொண்ணு அந்த நாற்காலியில உக்காரலாம்னு முன்மொழியறேன். யாராவது வழிமொழியறீங்களா, இல்ல எல்லாருக்கும் வாய்ல பபிள்கம்மா?"

உணவுக் குழுவின் திருமதி ஃபென்ஸ்கே, தலையை நிமிர்த்தாமலே, "வழிமொழியறேன்," என்றார்.

விவாதம் உயர்ந்த தரத்தில் நடந்தது. ஓபல் உட்கார்ந்துவிட்டால் மாணவர் எங்கே உட்காருவார் என்று பேருந்துக் குழு கேட்டது. இன்றைக்கு ஒரு பிள்ளை உட்கார்ந்தால் நாளைக்கு எல்லாப் பிள்ளைகளும் உட்காரக் கேட்கும் என்று ஒழுக்கக் குழு எச்சரித்தது. அப்புறம் வழக்கப்படி எல்லோரும் நாற்காலியின் பக்கம் திரும்பினோம். "இது உனக்கு நல்லதா?" என்று டார்லீன் கேட்டார்.

நாற்காலி ஒன்றும் சொல்லவில்லை.

"மாணவர் ஆட்சேபிக்கல!" என்றான் கஸ். "எழுதிக்குங்க!"

"இருங்க," என்றார் டார்லீன் தாழ்ந்த குரலில். "இந்த மௌனம் வேற மாதிரி இருக்கு. அவர் யோசிக்கிறார்னு நினைக்கிறேன்."

கை தூக்கச் சொன்னோம். பாதிக்குப் பாதி. அப்படியானால் தலைவரின் வாக்குத்தான் முடிவு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஓபலும் பார்த்தாள். அவள் ஒரு கையை நாற்காலியின் முதுகில் வைத்திருந்தாள், இடம் பிடிக்கிறவர்கள் வைப்பதுபோல. 'உக்காரு' என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் டாக்டர் லானிங்கின் பேனா தெரிந்தது. விருதும் தெரிந்தது.

"விஷயம் முக்கியமானது," என்றேன். "அவசரப்படக் கூடாது. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கிறேன்."

ஓபல் கையை எடுத்துக்கொண்டாள். "நான் வகுப்புக்குப் போகட்டுமா சார்?" என்றாள். போனாள். டாக்டர் லானிங் கண் கலங்கி, இவ்வளவு நேரம் ஒரு மாணவி பெரியவர்கள் முன்னால் நின்று பேசியதைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை என்று பாராட்டினார்.

அடுத்த கூட்டத்துக்கு முன்பே அவளுடைய அப்பா வந்தார். மரத்தூள் படிந்த மேல்கோட்டு, கையில் தொப்பி. நான் கைகுலுக்கி, எங்கள் பள்ளியின் நோக்கத்தை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

"பக்கெட் எங்க?" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். அவர் மூடியின் மெத்தையைக் கையால் தட்டினார்.

"இத அவளுக்காகத்தான் தச்சேன். இங்க வந்ததும் ஏரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரு நாள்தான் போனோம்." தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "நேத்து பக்கெட் எங்கன்னு கேட்டேன், எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டா. டுலூத்துக்கு பஸ் நாலு மணிக்கு. அங்க அத்தை வந்து கூட்டிக்குவா. எனக்கு ஷிஃப்ட் இருக்கு, நான் கூடப் போக முடியாது. நீங்க கொஞ்சம் சொல்லியிருக்கலாம் சார், என்கிட்ட. ஒரு நாற்காலிதானே. ஆலையில நானே செஞ்சிருப்பேன்."

அவர் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பழைய பிக்கப் வண்டியில் ஓபல் உட்கார்ந்திருந்தாள். அப்பா பக்கெட்டை அவள் மடியில் வைத்தார். அவள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முகத்தை மூடியின்மேல் கவிழ்த்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் நான் செய்வது ஒன்றுதான். கூட்டம் கூட்டினேன்.

விருது கிடைத்தது. வாசல் பலகைக்குக் கீழே அதையும் மாட்டியிருக்கிறோம். நன்றி சொல்லும் கூட்டத்தில், ஓபல் டெம்ப்ஸ்கியின் நினைவைப் போற்றும் வகையில் பன்னிரண்டாம் அறையில் அவள் மேசைக்குப் பின்னால் ஒரு மாணவர் நாற்காலி நிரந்தரமாக வைக்கப்படும் என்று டார்லீன் முன்மொழிந்தார். விவாதமே இல்லை. ஏகமனதாக நிறைவேறியது. என் அறையில் இருந்த நாற்காலியை நானே தருவதாகச் சொன்னேன். கைதட்டினார்கள்.

நானே தூக்கிக்கொண்டும் போனேன். ஒரு கை போதுமாக இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலி இவ்வளவு லேசானது என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை. என் அறையிலிருந்து அந்த வகுப்பு இவ்வளவு பக்கம் என்றும் தோன்றியதில்லை. நான் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். பால் பெட்டியை நகர்த்திவிட்டு நாற்காலியைப் போட்டு, மஃப்ளரைப் போர்த்தினேன். முதன்முதலில் மாடு மாதிரி கத்திய அந்தப் பையன், "இப்ப எதுக்கு சார்?" என்றான். கஸ் என்னைப் பார்த்தான். அப்புறம் கரும்பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இப்போது பக்கத்து ஊர்ப் பள்ளிகளிலிருந்தெல்லாம் எங்களிடம் கற்றுக்கொள்ள ஆட்கள் வருகிறார்கள். அவர்களைப் பன்னிரண்டாம் அறைக்கு அழைத்துப்போய் அந்த நாற்காலியைக் காட்டுகிறேன். இந்த நிலையை எப்படி எட்டினீர்கள் என்று கேட்கிறார்கள். இதில் ரகசியம் எதுவும் இல்லை. எங்கள் பள்ளியில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நாற்காலி எப்போதும் தயார். வந்து உட்காராமல் இருந்தால் போதும்.